குருதிச் சிறுதட்டு எதிர்ப்பு மருந்துகள்

குருதிச் சிறுதட்டு எதிர்ப்பு மருந்துகள் என்பவை, குருதியில் உள்ள சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கட்டியாவதைக் குறைக்கும் மருந்துகள் ஆகும். சிறுதட்டுகளை நாளிதழ்களில் தட்டணுக்கள் என்றும், மருத்துவமனைகளில் பிளேட்லெட் என்றும் குறிப்பிடுவது வழக்கம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மாரடைப்பும் பக்கவாதமும் மீண்டும் வராமல் தடுக்கவும், இதயத் தமனியில் பொருத்தப்பட்ட ஸ்டென்ட் அடைபடாமல் காக்கவும் இவை கொடுக்கப்படுகின்றன.

இம்மருந்துகளின் நன்மையும் தீங்கும் ஒரே செயலில் இருந்து பிறக்கின்றன. தமனியில் கட்டி உருவாகாமல் தடுக்கும் அதே செயல், இரைப்பையிலோ மூளையிலோ கசியும் குருதியை நிற்கவிடாமலும் செய்கிறது. எனவே ஒரே மாத்திரை ஒருவரின் உயிரைக் காக்கவும், வேறொருவருக்கு வீண் இடராக முடியவும் கூடும்.

இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ மருத்துவரின் முடிவாக இருத்தல் வேண்டும்.

பெயர்க் குழப்பம்

பொதுவழக்கில் இவற்றை இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை என்று கூறுவர். உண்மையில் இவை குருதியின் அடர்த்தியையோ பாகுநிலையையோ மாற்றுவதில்லை. மாத்திரை உண்பவரின் குருதி மற்றவர் குருதியைப் போலவே ஓடுகிறது. காயம் பட்ட இடத்தில் அடைப்பு ஏற்பட எடுக்கும் நேரம்தான் கூடுகிறது.

மேலும், இதே பெயரால் முற்றிலும் வேறான மற்றொரு வகை மருந்துகளும் அழைக்கப்படுகின்றன. குருதி உறைதலில் இரண்டு ஏற்பாடுகள் பங்கு கொள்கின்றன. ஒன்று சிறுதட்டுகள், மற்றொன்று குருதி நீர்மத்தில் கரைந்துள்ள உறைதல் புரதங்கள். குருதி விரைந்து ஓடும் தமனிகளில் உருவாகும் கட்டியில் சிறுதட்டுகள் மிகுந்திருக்கும். குருதி மெதுவாக ஓடும் சிரைகளிலும், சீரற்றுத் துடிக்கும் இதய மேலறையிலும் உருவாகும் கட்டியில் ஃபைப்ரின் என்னும் புரத இழை மிகுந்திருக்கும். வார்ஃபாரின், ஹெப்பாரின், அபிக்சபான் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் இரண்டாவது ஏற்பாட்டைத் தடுக்கின்றன. கால் சிரைக் கட்டிக்கும் இதய மேலறை நடுக்கத்திற்கும் பொதுவாக இவையே தேவை. அங்கு ஆஸ்பிரின் இவற்றுக்கு ஈடாகாது. ஆகவே ஒரு நோயர் "இரத்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மட்டும் கூறினால், கேட்கும் மருத்துவருக்கு அதிலிருந்து எதுவும் தெளிவாகாது. மருந்தின் பெயரை அறிந்து வைத்திருத்தல் நலம்.

சிறுதட்டுகள் செயல்படும் விதம்

சிறுதட்டுகள் எலும்பு மச்சையில் உள்ள பெரிய உயிரணுக்களில் இருந்து உதிரும் துணுக்குகள். 2 முதல் 3 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டவை. நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை காணப்படும். இவற்றுக்கு உட்கரு கிடையாது; வாழ்நாள் 7 முதல் 10 நாட்கள். உட்கரு இல்லை என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆஸ்பிரின் பயன்படுவதற்கு அதுவே காரணம் என்பதைக் கீழே காணலாம்.

குருதிக்குழாயின் உட்சுவர் கிழியும்போது அடியில் உள்ள கொலாஜன் வெளிப்படுகிறது. அதன்மீது சிறுதட்டுகள் ஒட்டிக்கொண்டு, உருமாறி, திராம்பாக்சேன், ஏடிபி ஆகிய வேதிப்பொருட்களை வெளிவிடுகின்றன. இவை அருகில் செல்லும் மற்றச் சிறுதட்டுகளையும் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட சிறுதட்டின் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரதம் 2பி/3ஏ என்னும் ஏற்பி திறந்துகொண்டு, ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அப்புரதம் இரு சிறுதட்டுகளுக்கு இடையே பாலம் போல் அமைகிறது. விரலில் கத்தி பட்டால் குருதி நிற்பது இதனால்தான். இதயத் தமனியில் படிந்துள்ள கொழுப்புப் படிவு ஒருநாள் வெடிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. சிறுதட்டுக்கு அது கத்திக் காயமா, கொழுப்புப் படிவா என்று பிரித்தறியத் தெரியாது. அது காயத்தை அடைப்பதாகவே செயல்பட்டு, இதயத்திற்குச் செல்லும் குருதியை நிறுத்திவிடுகிறது.

மருந்துகள் இத்தொடரின் வெவ்வேறு கண்ணிகளை அறுக்கின்றன. ஆஸ்பிரின் திராம்பாக்சேன் உருவாவதையும், குளோபிடோக்ரெல் வகையின ஏடிபி-யின் தூண்டலையும், ஊசி மருந்துகள் சில இறுதிப் பாலத்தையும் தடுக்கின்றன.

ஆஸ்பிரின்

ஆஸ்பிரின் செர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897-இல் உருவாக்கப்பட்டு 1899-இல் வலி, காய்ச்சல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அது குருதியை நிற்கவிடாமல் செய்யும் என்பதை நடைமுறையில் கண்டு, அதையே மருந்தாக்கலாம் என்று எண்ணியவர்களுள் முன்னோடி, கலிபோர்னியாவைச் சேர்ந்த இலாரன்சு கிரேவன் என்னும் பொது மருத்துவர். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் ஆஸ்பிரின் கலந்த சுவிங்கத்தை மிகுதியாக மென்ற நோயருக்குக் குருதிக்கசிவு கூடுவதை அவர் கவனித்தார். மாரடைப்பு என்பது குருதிக்கட்டியால் வருவதாயின் ஆஸ்பிரின் அதைத் தடுக்கக்கூடும் என்று கருதித் தம்மிடம் வந்தோருக்கு அதைக் கொடுத்து, 1950 முதல் கட்டுரைகள் எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத அப்பதிவுகளை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. கிரேவன் 1957-இல் மாரடைப்பால் இறந்தார்.

ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தின் சான் வேன் கண்டறிந்தார். திராம்பாக்சேன் 1975-இல் சுவீடனில் பெங்ட் சாமுவேல்சனின் குழுவினரால் கண்டறியப்பட்டது. இவ்விருவரும் சூனே பெரிசுட்ரோமும் 1982-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆஸ்பிரின், சைக்ளோ-ஆக்சிசனேசு-1 என்னும் நொதியின் மீது ஓர் அசெட்டைல் தொகுதியை நிலையாக ஒட்டிவிடுகிறது. அந்நொதி பின்னர் வேலை செய்யாது. மற்ற உயிரணுக்கள் புதிய நொதியை உருவாக்கிக்கொள்ளும். உட்கரு இல்லாத சிறுதட்டால் அது பெரும்பாலும் இயலாது. எனவே ஒருமுறை ஆஸ்பிரினைச் சந்தித்த சிறுதட்டு தன் எஞ்சிய வாழ்நாள் முழுதும் திராம்பாக்சேனை உருவாக்குவதில்லை. மருந்து குருதியில் இருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நிமிடங்களே ஆகின்றன. விளைவோ ஒரு வாரத்திற்கும் மேல் நீடிக்கிறது. நாளொன்றுக்குச் சிறுதட்டுகளில் பத்தில் ஒரு பங்கு புதிதாக வருகிறது என்று கொண்டால், மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாளில் ஏறக்குறைய பாதிச் சிறுதட்டுகள் ஆஸ்பிரினைக் காணாதவையாக இருக்கும். அறுவைக்கு எத்தனை நாட்கள் முன் நிறுத்துவது என்ற கணக்கு இதிலிருந்தே வருகிறது.

இதே காரணத்தால் குறைந்த அளவே போதுமானது. தலைவலிக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை உண்பர். சிறுதட்டுகளுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் போதும். இந்தியாவில் 75, 150 மில்லிகிராம் மாத்திரைகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அளவைக் கூட்டினால் பயன் கூடும் என்பதற்குச் சான்று இல்லை. 2021-இல் அமெரிக்காவில் 15,076 நோயரிடம் 81 மில்லிகிராமையும் 325 மில்லிகிராமையும் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

1974-இல் கார்டிஃபில் பீட்டர் எல்வுட்டும் ஆர்ச்சி காக்ரேனும் 1,239 ஆண்களிடம் நடத்திய ஆய்வு, மாரடைப்புக்குப் பின் ஆஸ்பிரின் உண்டோரிடம் இறப்பு குறைவதாகக் காட்டியது. ஆனால் புள்ளியியல் அடிப்படையில் உறுதியாகவில்லை. ஐயத்தைப் போக்கியது 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. 16 நாடுகளில் 417 மருத்துவமனைகளில் மாரடைப்புடன் வந்த 17,187 பேர் இதில் இடம்பெற்றனர். நாளொன்றுக்கு 162.5 மில்லிகிராம் ஆஸ்பிரினை ஒரு மாதம் உண்டோரில் ஐந்து வாரங்களில் இதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் 9.4 விழுக்காடு, மருந்துப்போலி உண்டோரில் 11.8 விழுக்காடு. அதாவது ஆயிரம் பேருக்கு 24 உயிர்கள். விலை மிகக் குறைந்த ஒரு மாத்திரைக்கு இது பெரிய பயன்.

இவ்வாய்வு வேறொன்றுக்காகவும் நினைவுகூரப்படுகிறது. எந்தெந்தப் பிரிவினருக்கு ஆஸ்பிரின் பயன்படுகிறது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்படி கேட்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் நோயரை மேலைநாட்டு முறைப்படி பிறந்த தேதியைக் கொண்டு ராசிவாரியாகவும் பிரித்தனர். மிதுனம், துலாம் ராசியினருக்கு ஆஸ்பிரின் பயனற்றது என்று கணக்கு கூறியது! ஒரு பெரிய ஆய்வைப் பல சிறு துண்டுகளாக வெட்டினால் தற்செயலாகவே பொய்யான முடிவுகள் கிடைக்கும் என்பதை விளக்க இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஏடிபி ஏற்பியைத் தடுப்பவை

சிறுதட்டின் மேற்பரப்பில் உள்ள பி2ஒய்12 என்னும் ஏடிபி ஏற்பியை இவை தடுக்கின்றன. முதலில் வந்த டிக்ளோபிடின் வெள்ளையணுக் குறைவையும், சிறுதட்டுகளை அழிக்கும் கடுமையான ஒரு நோயையும் சிலருக்கு உண்டாக்கியதால் வழக்கொழிந்தது. அதன் இடத்தை 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற குளோபிடோக்ரெல் பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, 19,185 பேர் பங்குபெற்ற ஆய்வில் குளோபிடோக்ரெல் உண்டோரில் ஆண்டுக்கு 5.32 விழுக்காட்டினரும், ஆஸ்பிரின் உண்டோரில் 5.83 விழுக்காட்டினரும் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது குருதிக்குழாய் நோயால் இறப்பு ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளாயினர்.

குளோபிடோக்ரெல் விழுங்கும்போது செயலற்ற பொருளாகும். கல்லீரலில் உள்ள நொதிகள் அதன் ஒரு சிறு பகுதியைச் செயல்படு பொருளாக மாற்றுகின்றன, பெரும்பகுதி வீணாகிறது. இம்மாற்றத்தில் பங்குபெறும் நொதிகளுள் சிஒய்பி2சி19 இன்றியமையாதது. இதன் மரபணுவில் குறைபாடுள்ள வடிவங்களை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவருக்கு மாத்திரை போதிய அளவில் வேலை செய்யாது. இதுபற்றி அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2010-இல் கட்டமிட்ட எச்சரிக்கையை வெளியிட்டது. இக்குறைபாட்டு வடிவங்கள் ஐரோப்பியரை விட ஆசிய மக்களிடம் மிகுதி. தமிழரிடையே நடத்தப்பட்டு 2003-இல் வெளியான புதுச்சேரி சிப்மர் ஆய்வில், இம்மரபணுப் படிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை குறைபாடுள்ள வடிவங்களாக இருந்தன. இருப்பினும் மரபணுச் சோதனை எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை. ஸ்டென்ட் அடைபட்ட பின்னரே பலருக்கு ஐயம் எழுகிறது.

பிராசுக்ரெலும் டிகாக்ரெலாரும் இச்சிக்கல் இன்றி விரைவாகவும் வலுவாகவும் செயல்படுகின்றன. வலுவுக்கு விலையும் உண்டு. 2007-இல் 13,608 பேரிடம் குளோபிடோக்ரெலுடன் ஒப்பிடப்பட்டபோது, பிராசுக்ரெல் மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் உயிர்போக்கும் குருதிப்பெருக்கு 0.1 விழுக்காட்டில் இருந்து 0.4 விழுக்காடாக உயர்ந்தது. முன்னர்ப் பக்கவாதம் வந்தவருக்கு அது கொடுக்கப்படுவதில்லை. 75 வயதுக்கு மேற்பட்டோர், 60 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ளோர் ஆகியோருக்கும் கவனம் தேவை. டிகாக்ரெலார் ஏற்பியுடன் நிலையாக ஒட்டுவதில்லை, ஆதலால் நாளுக்கு இருமுறை உண்ணவேண்டும். 2009-இல் 18,624 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டில் இறந்தோர் குளோபிடோக்ரெல் குழுவில் 5.9, டிகாக்ரெலார் குழுவில் 4.5 விழுக்காடு. சிலருக்கு மூச்சுத் திணறல் போன்ற உணர்வு ஏற்படுவது இதன் தனித்த பக்கவிளைவு. இதயம் மீண்டும் பழுதாகிவிட்டதோ என்று நோயர் அஞ்சுவதுண்டு.

பிற மருந்துகள்

கிளைக்கோபுரதம் 2பி/3ஏ ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் ஊசி வழியாக மருத்துவமனையில் மட்டும் கொடுக்கப்படுவன. இவற்றின் பிறப்பு சுவையானது. டிரோஃபிபான், சுருட்டை விரியனின் நஞ்சில் உள்ள எகிசுடாட்டின் என்னும் புரதத்தை முன்மாதிரியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. எப்டிஃபிபடைடு, அமெரிக்காவின் குள்ளச் சங்கிலிவால் விரியன் ஒன்றின் நஞ்சில் இருந்து வந்தது. கடிபட்டவரின் குருதியை நிற்கவிடாமல் செய்யும் நஞ்சுக் கூறுகளுள் ஒன்றே அளவோடு மருந்தாகியுள்ளது. சுருட்டை விரியன் தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் காணப்படும் பாம்பு.

டைபிரிடமோல், பக்கவாதத்திற்குப் பின் ஆஸ்பிரினுடன் சேர்த்துச் சில நாடுகளில் பயன்படுகிறது. தலைவலியால் பலர் கைவிடுகின்றனர். சிலோஸ்டசோல், கால் தமனி சுருங்கி நடக்கையில் வலி எடுப்போருக்கு உதவும். இதயச் செயலிழப்பு உள்ளோருக்குக் கூடாது.

பயன்படும் இடங்கள்

திடீர் மாரடைப்பின்போது ஆஸ்பிரின் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உடனடியாக மென்று விழுங்கக் கொடுக்கப்படுகிறது. மெல்லுவது விரைவில் உறிஞ்சப்படுவதற்காக. குடலில் கரையும் பூச்சு கொண்ட மாத்திரையை அப்படியே விழுங்கினால் பயன் தாமதமாகும். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட இதயம் காப்போம் திட்டத்தின் கீழ், நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை மொத்தம் 14 மாத்திரைகளாக முதல் வேளை மருந்தாகக் கொடுக்கப்பட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். எண்ணிக்கை மிகுதியாகத் தோன்றினும், இவை வழக்கமான சிறு அளவு மாத்திரைகளையே ஒன்றுசேர்த்துக் கொடுப்பதாகும்.

மாரடைப்புக்குப் பின்னும் ஸ்டென்டுக்குப் பின்னும் இரண்டு மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுவதை இரட்டைச் சிகிச்சை என்பர். 2001-இல் வெளியான, 12,562 பேர் கொண்ட ஆய்வு இதற்கு அடிப்படை. ஆஸ்பிரின் மட்டும் உண்டோரில் 11.4 விழுக்காட்டினரும், குளோபிடோக்ரெலும் சேர்த்து உண்டோரில் 9.3 விழுக்காட்டினரும் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயநோய் இறப்புக்கு ஆளாயினர். பெரும் குருதிப்பெருக்கோ 2.7-இல் இருந்து 3.7 விழுக்காடாகக் கூடியது. ஆயிரம் பேருக்கு இரண்டாம் மாத்திரையைக் கொடுத்தால் 21 பேர் காக்கப்படுகின்றனர். 10 பேருக்குப் பெரும் குருதிப்பெருக்கு ஏற்படுகிறது. அந்த 21 பேர் யார், 10 பேர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

மாரடைப்புக்குப் பின் இரட்டைச் சிகிச்சை பொதுவாக 12 மாதங்களும், நிலையான இதய நோய்க்காக ஸ்டென்ட் வைத்தோருக்கு 6 மாதங்களும் தொடர்கிறது. குருதிக்கசிவு இடர் மிகுந்தோருக்கு இது 1 முதல் 3 மாதங்களாகக் குறைக்கப்படுகிறது. அண்மைக் காலத்தில் ஆஸ்பிரினையே முதலில் விடும் போக்கும் வந்துள்ளது. 2019-இல் வெளியான டுவைலைட் ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பின் ஆஸ்பிரினை நிறுத்தி டிகாக்ரெலாரை மட்டும் தொடர்ந்தோரிடம் குருதிக்கசிவு 7.1-இல் இருந்து 4.0 விழுக்காடாகக் குறைந்தது. இதயப் பாதிப்புகள் கூடவில்லை.

பக்கவாதத்தில் நிலைமை சற்று வேறு. பக்கவாதம் அடைப்பாலும் வரலாம், குருதிப்பெருக்காலும் வரலாம். வெளியில் இருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. எனவே நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பது போல், வாய் கோணிக் கை தளர்ந்தவருக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. சி.டி. ஸ்கேன் எடுத்துக் குருதிப்பெருக்கு இல்லை என்று அறிந்த பின்னரே மருந்து. சிறிய பக்கவாதத்திற்குப் பின் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் முதல் 21 நாட்கள் சேர்த்துக் கொடுக்கப்படுவது, 2013-இல் சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வின் பின் வழக்கமாயிற்று. அதன் பின் ஒன்று மட்டும். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூளையில் குருதிக்கசிவு கூடுகிறதே அன்றிப் பயன் கூடுவதில்லை.

கருவுற்ற பெண்களில் முன்சூல்வலிப்பு இடர் மிகுந்தோருக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் 12-ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கிக் கொடுக்கப்படுகிறது.

நோய் வராதவருக்கு ஆஸ்பிரின்

இதுவரை கூறியவை ஏற்கெனவே நோய் வந்தவரைப் பற்றியவை. நலமாக இருப்பவர் முன்னெச்சரிக்கையாக உண்ணலாமா என்பது வேறு கேள்வி. 1989-இல் வெளியான அமெரிக்க மருத்துவர் நல ஆய்வில், 22,071 ஆண் மருத்துவர்களிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் மாரடைப்பை 44 விழுக்காடு குறைத்தது. இச்செய்தி பரவியதும் நாற்பதைக் கடந்தோர் நாள்தோறும் ஆஸ்பிரின் உண்ணுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. இதய நோயால் இறந்தோர் எண்ணிக்கை குறையவில்லை என்ற அதே ஆய்வின் முடிவு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

2018-இல் கருத்து மாறியது. ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, நலமுள்ள 19,114 பேரிடம் நடந்த ஆஸ்பிரீ ஆய்வில், 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஆயுளையோ இயலாமையற்ற வாழ்வையோ நீட்டவில்லை. பெரும் குருதிப்பெருக்கு மட்டும் 2.8-இல் இருந்து 3.8 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் நீரிழிவு நோயர் 15,480 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஆயிரத்திற்கு 11 பேர் இதய, மூளைப் பாதிப்பில் இருந்து காக்கப்பட்டனர். 9 பேருக்குப் பெரும் குருதிப்பெருக்கு கூடுதலாக ஏற்பட்டது. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

மாரடைப்பு வந்தவருக்கு அடுத்த மாரடைப்பின் வாய்ப்பு மிகுதி. எனவே அதைச் சிறிது குறைத்தாலும் பலர் காக்கப்படுவர். நலமுள்ளவருக்கு அவ்வாய்ப்பே குறைவு; குறைப்பதற்கு அதிகம் இல்லை. குருதிக்கசிவு இடரோ இருவருக்கும் உண்டு, வயதோடு வளர்வதும் ஆகும். அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல், 60 வயதை எட்டியோர் முன்னெச்சரிக்கைக்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 40 முதல் 59 வயதுக்குட்பட்டோரில் இதயநோய் இடர் மிகுந்தவர் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் உண்கிறார் என்பது காரணமாகாது. அவர் மார்பில் ஸ்டென்ட் இருக்கலாம்.

இடர்கள்

குருதிக்கசிவே முதன்மையான இடர். தோலில் நீலத் தடிப்பு, பல் துலக்கும்போது கசிவு, மூக்கில் குருதி ஆகியவை பொதுவாகச் சிறியவை. இரைப்பைக் குருதிப்பெருக்கு அவ்வாறன்று. ஆஸ்பிரின் இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் குறைத்துப் புண்ணை உண்டாக்குகிறது. அப்புண்ணில் கசியும் குருதியை நிறுத்தவேண்டிய சிறுதட்டுகளையும் முடக்குகிறது. தார் போன்ற கரிய மலம், காப்பித்தூள் போன்ற வாந்தி ஆகியவை உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். இரும்புச்சத்து மாத்திரை உண்பவருக்கும் மலம் கறுக்கும் என்பதால் குழப்பம் நேரலாம். ஐயம் இருப்பின் சோதித்தல் நன்று. குடலில் கரையும் பூச்சு இவ்விடரைப் போக்கிவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. தீங்கு மாத்திரை இரைப்பையைத் தொடுவதால் மட்டும் அன்றிக் குருதி வழியாகவும் நேர்கிறது.

மூளையில் குருதிக்கசிவு அரிது, ஆனால் மீளமுடியாதது. உயர் குருதி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்காமல் இம்மருந்துகளை உண்போருக்கு இவ்வாய்ப்பு கூடும்.

இரைப்பைப் புண் வரலாறு உள்ளோருக்கும் முதியோருக்கும் அமிலம் குறைக்கும் மருந்து உடன் கொடுக்கப்படுகிறது. அவற்றுள் ஒமிபிரசோல், எசோமிபிரசோல் ஆகியவை சிஒய்பி2சி19 நொதியைத் தடுப்பதால் குளோபிடோக்ரெல் உண்போருக்குத் தவிர்க்கப்பட்டு, பான்டோபிரசோல் போன்றவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மருந்துக்கடையில் தாமாகவே வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை. இபுபுரூஃபனும் அவ்வாறே. அது ஆஸ்பிரின் ஒட்டவேண்டிய இடத்தில் முன்னதாகவே சென்று அமர்ந்துகொள்வதால், மூட்டுவலிக்கு நாள்தோறும் இபுபுரூஃபன் உண்பவருக்கு ஆஸ்பிரினின் பாதுகாப்பு கிட்டாமற் போகலாம். இரைப்பை இடர் மட்டும் இரட்டிக்கும்.

மற்றொரு பொறி, ஒரே பொருள் பல பெயர்களில் விற்கப்படுவது. இந்தியாவில் எகோஸ்பிரினும் டிஸ்பிரினும் ஆஸ்பிரினே. கொழுப்பைக் குறைக்கும் மருந்துடன் ஆஸ்பிரினைச் சேர்த்த கூட்டு மாத்திரைகளும் உண்டு. இதய மாத்திரையில் ஆஸ்பிரின் இருப்பதை அறியாமல் தலைவலிக்கு மேலும் ஆஸ்பிரின் உண்போர் உளர். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பெயரைப் படிப்பது பயன் தரும்.

டெங்குக் காய்ச்சலில் சிறுதட்டுகளின் எண்ணிக்கை விழுகிறது. எஞ்சியவற்றையும் முடக்கும் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் அப்போது தவிர்க்கப்பட வேண்டியவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் கொடுக்கப்படும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டெங்கு பரவும் மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் உண்ணாதிருத்தல் நலம். ஏற்கெனவே ஸ்டென்டுக்காக ஆஸ்பிரின் உண்பவருக்கு டெங்கு வந்தால் முடிவு எளிதன்று. சிறுதட்டு எண்ணிக்கையையும் ஸ்டென்டின் வயதையும் கருதி மருத்துவரே முடிவு செய்வார்.

குழந்தைகளுக்கும் 16 வயதுக்குட்பட்டோருக்கும் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. தீநுண்மக் காய்ச்சலை அடுத்து மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கூட்டறிகுறி இதனுடன் தொடர்புடையது. கவசாகி நோய் இதற்கு ஒரு விலக்கு. ஆஸ்துமா உள்ளோரில் சிலருக்கு ஆஸ்பிரின் கடும் மூச்சிரைப்பை உண்டாக்கும்.

மருந்தை நிறுத்துதல்

உண்பதில் உள்ள இடரைப் பலர் அறிவர். நிறுத்துவதில் உள்ள இடரை அறிந்தோர் குறைவு. ஸ்டென்ட் என்பது தமனிக்குள் வைக்கப்பட்ட உலோக வலை. அதன்மேல் உடலின் உட்சுவர் மெல்ல வளர்ந்து மூடும்வரை, சிறுதட்டுகளுக்கு அது ஓர் அயற்பொருள். மருந்து பூசிய ஸ்டென்டுகளில் இவ்வளர்ச்சி தாமதமாகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அக்கால வகை ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 2,229 பேரில் 29 பேருக்கு ஒன்பது மாதங்களுக்குள் ஸ்டென்ட் அடைபட்டது. அவர்களில் 13 பேர் இறந்தனர். அடைப்பைத் தூண்டிய காரணங்களில் முதலிடம் பெற்றது, மருந்தைக் குறித்த காலத்திற்கு முன் நிறுத்தியமை. இன்றைய ஸ்டென்டுகள் மேம்பட்டவை. எனினும் முதல் மாதங்களில் மருந்தை நிறுத்துவதன் ஆபத்து மறையவில்லை.

நிறுத்துவோர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் எளியவை: மாத்திரை தீர்ந்தது, வெளியூர் சென்றோம், நெஞ்சுவலி போய்விட்டது, பல் பிடுங்கவேண்டி இருந்தது. ஓரிரு பற்களைப் பிடுங்க இம்மருந்துகளை நிறுத்தவேண்டிய தேவை பொதுவாக இல்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தும் தையலிட்டும் கசிவை நிறுத்தலாம். பல் ஈறில் அரைமணி நேரம் கூடுதலாகக் குருதி கசிவதும், இதயத் தமனி அடைபடுவதும் ஒப்பிடத்தக்கவை அல்ல.

பெரிய அறுவைக்கு நிலைமை வேறு. நிறுத்துவது தேவை எனில் டிகாக்ரெலார் 3 முதல் 5 நாட்களும், குளோபிடோக்ரெல் 5 நாட்களும், பிராசுக்ரெல் 7 நாட்களும் முன்னதாக நிறுத்தப்படுகின்றன. ஸ்டென்ட் உள்ளவருக்கு ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரப்படுகிறது; மூளை, தண்டுவட அறுவைகள் இதற்கு விலக்கு. தள்ளிப்போடக்கூடிய அறுவையாயின் இரட்டைச் சிகிச்சைக் காலம் முடியும் வரை தள்ளிப்போடுவர். அறுவை மருத்துவர் குருதிக்கசிவையும் இதய மருத்துவர் அடைப்பையும் முதன்மையாகக் கருதுவது இயல்பு. இருவரும் கலந்து பேசாமல், நோயர் இருவரிடமும் வெவ்வேறு அறிவுரை பெற்று இடையில் நிற்பதும் நிகழ்கிறது. ஸ்டென்ட் பொருத்திய நாள், அதன் வகை, உண்ணும் மருந்துகள் ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையை உடன் வைத்திருப்பது இதற்கு உதவும். மருந்தை நிறுத்தவேண்டிய நாளைக் கேட்கும்போதே மீண்டும் தொடங்கவேண்டிய நாளையும் கேட்டு அவ்வட்டையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நிறுத்திய மருந்து அறுவைக்குப் பின் தொடங்கப்படாமலே விடுபட்டுப் போவது அரிதன்று.